நேபாளத்தில் தன்னார்வ ஆசிரியராகப் போகப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேபாளப் பள்ளியில் நான்கு வாரம் பாடம் நடத்தலாம், முன் அனுபவம் வேண்டாம், பயிற்சி நாங்களே தருகிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்திடம் போன வருடம் 60,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். அக்டோபருக்கு ஆள் சேர்க்கிறோம் என்று அதே விளம்பரம் இப்போது மறுபடியும் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பயிற்சி என்று அவர்கள் சொன்னது காத்மாண்டுவில் சுயம்புநாத், பௌத்தநாத் என்று ஒரு நாள் சுற்றிக் காட்டியதுதான். அப்புறம் சித்வனில் ஓர் அரசுப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். வகுப்பு ஆசிரியருக்கு உதவியாக இருந்தால் போதும் என்று என்னிடம் சொன்னவர்கள், அனுபவமுள்ள ஆங்கில ஆசிரியை வருகிறார் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் சாக்பீஸைக் கையில் கொடுத்து என்னைத் தனியாக ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார். எனக்கு நேபாளி ஒரு வார்த்தை தெரியாது.

முன் வரிசைச் சிறுமி ஒருத்தியின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். ‘மை ஃபேமிலி’ நான்கு இடத்தில் இருந்தது. நிறங்களின் பெயர்கள் மூன்று இடத்தில். ஒவ்வொன்றின் கீழும் வேறு வேறு கையெழுத்தில் ‘வெரி குட்’, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். ஏப்ரல் நடுவில் தொடங்கிய கல்வியாண்டு. அரசுப் பாடப்புத்தகத்தில் இரண்டாவது பாடம்கூட முடியவில்லை. என் பணம் போனதைவிட எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

அடுத்து தசைன் வந்தது. நம் நவராத்திரி நாட்களில்தான் அங்கே தசைன். நாட்டின் மிகப் பெரிய பண்டிகை. பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை, கொஞ்ச நாளில், நம் தீபாவளி சமயத்தில் வரும் திஹார் பண்டிகைக்கு மறுபடி விடுமுறை. இது தெரியாமலா அந்தத் தேதிகளுக்குப் பணம் வாங்கினார்கள்? கேட்டதற்கு, “குழந்தைகள் இல்லம் இருக்கிறது, அங்கே போய் விளையாடுங்கள்” என்றார் ஒருங்கிணைப்பாளர். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நேபாளத்தில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பல குழந்தைகளுக்கு அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்கள். படிக்க வைக்கிறோம் என்று ஹும்லா போன்ற மலை மாவட்டங்களிலிருந்து கூட்டி வந்து, அனாதை என்று காட்டி வெளிநாட்டவரிடம் பணம் பறித்தது பலமுறை அம்பலமாகியிருக்கிறது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைகளோடு இருக்கப் போகிற என்னிடம் போலீஸ் சான்றிதழ் வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை.

சரி, பணம் எங்கே போனது? பள்ளிக்கு ஒரு பைசா வரவில்லை என்று தலைமை ஆசிரியரே சொன்னார். நான் தங்கிய வீட்டுக்கு ஒரு நாளுக்கு 400 நேபாள ரூபாய். நான்கு வாரத்துக்கு 11,200. நம் பணத்தில் 7,000. மீதி முழுக்க நிறுவனத்துக்கு. ரசீதில் இருந்த பெயரும் தொண்டு நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு டிராவல்ஸ் கம்பெனியின் பெயர். திருப்பிக் கேட்டபோது, கட்டிய பணம் திரும்பாது என்ற விதியை ஒரு வரியில் அனுப்பினார்கள்.

இந்தியர்களான நமக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். கூட இருந்த ஜெர்மன் பெண்ணிடம், விமான நிலையத்தில் “சுற்றுலா என்று மட்டும் சொல்” என்று சொல்லி வைத்திருந்தார்கள். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக் கூடாது என்பது அங்கே விதி. மலேசியா, சிங்கப்பூரிலிருந்து போக நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

முன்பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே பள்ளியின் பெயரை எழுத்தில் கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் நேரடியாகப் பேசி, விடுமுறைத் தேதிகள், எந்த வகுப்பு, கூட இருக்கப் போகும் ஆசிரியர் யார், பள்ளிக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் பள்ளி எது என்று சொல்வோம் என்றார்களானால் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.