வீட்டு பேட்டரியில் மாதம் ஆறாயிரம் என்று வருகிறவர்கள்: தென்காசி, செங்கோட்டை ஆட்கள் கவனத்துக்கு

செங்கோட்டை, புளியரை, இலஞ்சி, வல்லம் பக்கம் மாடியில் சோலார் பேனல் தெரிகிற வீடாகப் பார்த்து ஒரு கூட்டம் கேட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், கொல்லம் மாவட்டத்தில் ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனி. பெயரை எழுதவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், முடிகிறவரை எங்கேயும் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனால் அவர்கள் பேச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், அதனால் அந்தப் பேச்சை முழுதாக எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, உங்க பேனல் பகல்ல தர்ற கரண்ட்டை இ.பி.காரன் சும்மா எடுத்துக்கிடுறான். அதை ஒரு பேட்டரியில பிடிச்சு வச்சு, சாயங்காலம் ரேட்டு ஏறும்போது கிரிட்டுக்கு வித்தா காசு. எப்ப விக்கணும்னு எங்க மெஷினே பார்த்துக்கிடும், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், மாசம் ஆறாயிரம் வரும்." இதுதான் தொடக்கம். கிரிட் என்றால் ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டுபோகிற மின்தொகுப்பு. பிறகு டேப்லெட்டைத் திறந்து ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டுக்காரருக்கு வந்த பணம் என்று டாலரில் ஒரு கணக்கு, மின்சாரச் சந்தையின் சாயங்கால விலை ஏறுகிற ஒரு வரைபடம், கேரள மின்வாரியத்தின் கட்டண அட்டவணை, மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டுவார்கள். மூன்றுமே உண்மையான தாள்கள்தான். நம் வீட்டுக்கு அதில் ஒன்றுகூடப் பொருந்தாது, அவ்வளவுதான்.

என் வீட்டில் ஏற்கெனவே 3 கிலோவாட் பேனல், மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியத்தோடு போட்டது, வெளியே அனுப்புகிற யூனிட்டை நாம் வாங்குகிற யூனிட்டில் கழிக்கிற நெட் மீட்டரும் உண்டு. அதற்கு மேல் இவர்கள் விற்றது 5 யூனிட் கரண்ட் பிடிக்கிற லித்தியம் பேட்டரி 1,65,000 ரூபாய், பேனலையும் பேட்டரியையும் சேர்த்து ஓட்டுகிற ஹைப்ரிட் இன்வெர்ட்டர் 85,000 ரூபாய், 'ஸ்மார்ட் கன்ட்ரோல்' பெட்டி என்று ஒன்று 28,000 ரூபாய், வருடச் சந்தா தனி. பேட்டரிக்கு அந்த மானியம் கிடையாது. "மானியம் அடுத்த வருஷம் வந்துரும், நாங்களே வாங்கித் தருவோம்" என்பதும் அந்தப் பேச்சில் ஒரு பகுதி.

மாட்டிவிட்டுப் போன பிறகு ஆப்பில் ஒரு பச்சை எண் தினமும் ஏறிக்கொண்டிருந்தது, 'உங்கள் வருமானம்' என்று. வங்கிக் கணக்குக்கு ஒரு பைசா வரவில்லை. கேட்டால், குறிப்பிட்ட தொகை சேர்ந்தால்தான் அனுப்புவோம் என்றார்கள். சேர்ந்த பிறகு கேட்டால், செட்டில்மென்ட் நடக்கிறது என்றார்கள். இதற்கிடையில் இரண்டு மாதக் கரண்ட் பில் வந்தது, பேட்டரி இல்லாதபோது வந்ததைவிடக் கூடுதலாக. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்து மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே உதவிப் பொறியாளர் பொறுமையாகச் சொன்ன விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு நேரத்தைப் பொறுத்த கட்டணம் இன்றைக்கு நடைமுறையில் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு நீங்கள் வெளியே அனுப்புகிற யூனிட்டும், ராத்திரி எட்டு மணிக்கு அனுப்புகிற யூனிட்டும் நெட் மீட்டருக்கு ஒன்றுதான், ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடும். ஆக, பகலில் நேராகப் போக வேண்டிய கரண்ட்டைப் பேட்டரிக்குள் ஏற்றி இறக்கி ராத்திரி அனுப்பினால் லாபம் பூஜ்யம், நஷ்டம் மட்டும் உண்டு. ஏற்றும்போதும் இறக்கும்போதும் இன்வெர்ட்டரிலும் பேட்டரியிலும் பத்துக்கு ஒன்று, சில சமயம் அதற்கு மேலும் வீணாகிறது. என் பில் ஏறியது அதனால்தான்.

கேரளத்தில் கதை வேறு. அங்கே கூடுதலாகக் கரண்ட் செலவழிக்கிற வீடுகளுக்கு, மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகிறவர்களுக்கு, சாயங்காலம் 6 முதல் ராத்திரி 10 வரை யூனிட் விலை அதிகம், பகலில் குறைவு. புனலூரில் இருக்கிற என் மச்சினன் வீட்டில் பேட்டரி வைத்து அந்த நாலு மணி நேரத்தை அதில் ஓட்டினால் கொஞ்சம் மிச்சமாகலாம். அதுவும் விற்று வருகிற காசு இல்லை, வாங்காமல் மிஞ்சுகிற காசு. எல்லையில் இருக்கிற கோட்டைவாசலைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியதும் அந்தக் கட்டண அட்டவணைக்கு வேலை இல்லை. செங்கோட்டை 1956 வரை அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. மொழிவழி மாநிலம் பிரிக்காமல் அப்படியே விட்டிருந்தால் இவன் சொன்ன கணக்கில் கால்வாசியாவது பொருந்தியிருக்கும்.

இதைச் சொன்னால் அவர்களிடம் அடுத்த பதில் தயாராக இருக்கிறது: "மத்திய அரசு 2023லயே ரூல் போட்டாச்சு அண்ணாச்சி, 2025 ஏப்ரல்ல இருந்து விவசாயம் தவிர எல்லாருக்கும் டைம் ரேட்தான்." அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் அதே விதியில் நேரவாரியாக யூனிட்டை அளக்கிற ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய பிறகு என்று இருக்கிறது, கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டியது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். உங்கள் பில்லில் அப்படி ஒரு வரி வராதவரை அந்தக் காசு காகிதத்தில்தான்.

அடுத்து அந்தச் சந்தை விலை வரைபடம். இந்திய மின்சாரச் சந்தையில் ஒரு நாளை 15 நிமிடமாக 96 துண்டாக வெட்டி விலை போடுகிறார்கள். பகலில் வெயில் கரண்ட் பொங்கி வழிகிற நேரத்தில் விலை விழும், இருட்டியதும் ஏறும், கோடையில் உச்ச வரம்பையே தொடும். அந்த வரம்பு யூனிட்டுக்கு 10 ரூபாய், 2023இல் வைத்தது. இதை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். 5 யூனிட் பேட்டரி, தினமும் முழுதாகக் காலி செய்து, தினமும் உச்ச விலையிலேயே விற்றாலும் நாளைக்கு 50 ரூபாய், மாதம் 1,500. வீணாவதைக் கழிக்கவில்லை, கம்பெனி கமிஷனைக் கழிக்கவில்லை. ஆறாயிரம் எங்கிருந்து வரும்? தவிர, அந்தச் சந்தையில் வீட்டுக்காரர் போய் நிற்கவே முடியாது. பசுமை மின்சாரத்தை மின்வாரியத்துக்கு வெளியே வாங்க வழிவிடுகிற 2022 விதியே 100 கிலோவாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. நம் மாடியில் இருப்பது 3.

இந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் "கிரிட் சர்வீஸ்" வெளியே வந்தது. "மிச்சம் நாலாயிரத்து ஐந்நூறு அதுல இருந்து வருது."

இந்த கிரிட் சர்வீஸ் என்பது கட்டுக்கதை இல்லை, அதனால்தான் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். மின்தொகுப்பு முழுக்க நொடிக்கு 50 சுழற்சி என்கிற அதிர்வெண்ணில் ஓடவேண்டும், நம் நாட்டில் 49.90க்கும் 50.05க்கும் நடுவில் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். எங்கோ ஒரு பெரிய அனல்மின் யூனிட் திடீரென்று நின்றால் அதிர்வெண் சரியும், உடனே யாராவது கரண்ட் கொடுக்க வேண்டும். பேட்டரி ஒரு நொடிக்குள் கொடுத்துவிடும், அனல்மின் நிலையத்தால் அந்த வேகத்துக்கு வர முடியாது. அதனால் தயாராக இருப்பதற்கே காசு கொடுக்கிற சந்தைகள் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017இல் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வைத்துப் பெரிய பேர் வாங்கியது இந்த வேலைக்குத்தான். அதே மாநிலத்தில் வீட்டு பேட்டரிகளை ஆயிரக்கணக்கில் இணையம் வழியாகக் கோர்த்து ஒரே மின்நிலையம் மாதிரி இயக்கி, வீட்டுக்காரருக்குப் பங்கு கொடுக்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அங்கேயே 2020 ஜனவரி கடைசியில் புயலில் கோபுரங்கள் சாய்ந்து அந்த மாநிலம் பக்கத்துத் தொகுப்பிலிருந்து துண்டிக்கப்பட்டபோது அந்தச் சேவையின் விலை எங்கோ போனது, பிறகு பேட்டரிகள் பெருகப் பெருக விலை இறங்கிவிட்டது. எனக்குக் காட்டிய டாலர் கணக்கில் தேதியை வெட்டிவிட்டுக் காட்டினார்கள், எந்த மாதத்துப் படம் என்று கேட்டேன், பதில் இல்லை.

நம் நாட்டில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் இதற்கு விதி போட்டது, பேட்டரிக்கும் இடம் உண்டு. ஆனால் அது மெகாவாட் கணக்கில் நடக்கிற வேலை, ஆணை வருவது பெங்களூரில் இருக்கிற தென்மண்டல மின்சுமைப் பகிர்வு மையம் போன்ற இடத்திலிருந்து. ஒரு மெகாவாட் சேர்க்க வேண்டுமென்றால் 5 கிலோவாட் கொடுக்கிற வீடுகள் இருநூறு வேண்டும், அவற்றைக் கோர்த்து மின்வாரியத்தோடோ தொகுப்பை நடத்துகிறவர்களோடோ ஒப்பந்தம் போட்ட ஒரு நிறுவனம் வேண்டும். "உங்களிடம் அந்த ஒப்பந்தம் இருக்கிறதா, நகல் கொடுங்கள்" என்று எழுதிக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். இந்த ஒரு கேள்வியை அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கேளுங்கள், ஆள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான்.

பணம் வராததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாரல் சீசனில் ஒரு நாள் ராத்திரி காற்றுக்கு மரம் விழுந்து புளியரை லைன் போய்விட்டது. இந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பேட்டரி இருக்கிறதே என்று இருந்தால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றது. ஆப்பைத் திறந்தால் 10 சதவீதம். 'ஸ்மார்ட் கன்ட்ரோல்' சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மொத்தத்தையும் கிரிட்டுக்கு அனுப்பி முடித்திருக்கிறது. கரண்ட் போனால் வீட்டுக்கு என்று பாதி சார்ஜையாவது ஒதுக்கி வைக்கிற செட்டிங் பெரும்பாலான ஹைப்ரிட் இன்வெர்ட்டரில் உண்டு. அதை இவர்கள் அடிமட்டத்தில் வைத்திருக்கிறார்கள். பிறகு வந்த சர்வீஸ் பையன், பாவம், உள்ளதைச் சொல்லிவிட்டான்: "எல்லா வீட்டுக்கும் ஒரே செட்டிங்தான் சார், கேரளா புரொஃபைல்." ஆறு முதல் பத்து. அந்த மாநிலத்து நேரத்தை வைத்து இந்த மாநிலத்து பேட்டரியைத் தினமும் காலி செய்திருக்கிறார்கள்.

பேட்டரி தேய்மானமும் சும்மா இல்லை. 6,000 சுழற்சி, அதாவது அத்தனை தடவை நிரப்பிக் காலி செய்வதை, தாங்கும் என்று சொல்லி விற்ற 5 யூனிட் பேட்டரியின் ஆயுசு மொத்தம் 30,000 யூனிட். 1,65,000 ரூபாயை அதில் வகுத்தால் உள்ளே போய் வெளியே வருகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐந்தரை ரூபாய் தேய்கிறது. வாரண்டி பத்து வருஷம் என்பதன் கீழே பொடி எழுத்தில் 'அல்லது இத்தனை யூனிட், எது முதலோ அது' என்று இருக்கும். கிரிட் சேவை என்ற பேரில் அவர்கள் ஓட்டுகிற ஓட்டமும் அதில்தான் கழியும்.

சரி, செட்டிங்கை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்றால் லாகின் அவர்கள் பேரில். எனக்குக் கொடுத்தது பார்க்க மட்டும் உரிமை உள்ள கணக்கு, மாற்றுவதற்கு இன்ஸ்டாலர் பாஸ்வேர்டு வேண்டும். அந்த 28,000 ரூபாய் பெட்டியைத் தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்துத் திறந்தோம், உள்ளே சிம் போட்ட ஒரு சாதாரண 4ஜி ரவுட்டரும் விரல் நீளத்துக்கு ஒரு போர்டும். அதைக் கழற்றியதும் வெளியிலிருந்து ஆணை வருவது நின்றது. பிறகு இன்வெர்ட்டர் தயாரிப்பாளரின் சர்வீஸுக்கு சீரியல் நம்பரும் பில்லும் அனுப்பி, உரிமையாளர் நான்தான், கணக்கை என் பேருக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். மாற்றிக் கொடுத்தார்கள். இதே சிக்கலில் இருக்கிறவர்கள் கம்பெனியிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் நேராகத் தயாரிப்பாளரிடம் போங்கள், பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கியிருந்தால் வேலை சுலபம். இன்னொன்று, நெட் மீட்டர் அனுமதி எந்த இன்வெர்ட்டருக்கு வாங்கினீர்களோ அதைத்தான் வைத்திருக்க வேண்டும், மாற்றினால் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிடுவோம்" என்ற கம்பெனி அங்கே ஒரு கடிதம்கூடக் கொடுக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தைக் காட்டினார்கள்: எந்த வழக்கும் கொல்லத்தில்தான் போடவேண்டும் என்று ஒரு வரி. எல்லை தாண்டி அலைய மாட்டான் என்று நினைத்து எழுதுகிற வரி அது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி நாம் குடியிருக்கிற இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு ஒரு புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள், கம்பெனி அதற்குக் கொடுக்கிற மழுப்பல் பதிலே பிறகு நமக்கு ஆதாரமாகும். ஆப்பில் ஏறிய அந்தப் பச்சை எண்ணையும் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எனக்கு அது இப்போது தெரிவதில்லை, புகார் போன மறுவாரமே அந்தப் பக்கத்தை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இவர்களிடம் வாங்கிய வேறு யாராவது கடையநல்லூர், சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் இருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பின்னிணைப்பில் 'எதிர்பார்க்கும் மாத வருமானம்' என்று தலைப்புப் போட்ட ஒரு தாள் இருக்கவேண்டும், என்னிடம் கையெழுத்து வாங்கும்போது இருந்தது. வீட்டுக்கு அனுப்பிய நகலில் அது மட்டும் இல்லை. உங்களிடம் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், விசாரணைக்கு வேண்டும்.