பிர்ச் விதை என்று சொல்லி முளைக்கீரை விதையை விற்கிறார்கள், உஷார்!

ஜோகனஸ்பர்க் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வாட்ஸ்அப்புக்கும் பிர்ச் என்ற வெள்ளைப் பட்டை மரத்தின் படம் போட்ட விதைப் பாக்கெட் விளம்பரம் வந்திருந்தால், பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மிட்ராண்டில் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டு வாசலில் சில்வர் பிர்ச் நிற்கிறது. நம் பக்கம் பனையோலையில் எழுதியதுபோல் காஷ்மீரில் பூர்ஜ மரப்பட்டையில் எழுதினார்களே, அந்த மரத்துக்கு இது பங்காளி முறை. எனக்கும் ஆசை வந்தது. நர்சரியில் ஆளுயரக் கன்றுக்குச் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. சரி, விதை போட்டே வளர்த்துவிடலாம் என்று போன ஜூலையில் தமிழ்க் குழு ஒன்றில் விதை விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். 100 விதை 280 ராண்ட், கூரியர் தனி. தமிழர்தானே என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பாக்கெட்டோடு ஒரு சீட்டு வந்தது. விதையை ஈர மணலில் கலந்து, ஜிப் பையில் போட்டு, 8 வாரம் பிரிட்ஜில் வைக்க வேண்டுமாம். அதில் பொய் இல்லை. பிர்ச் குளிர்நாட்டு மரம். ஈரத்தோடு ஒரு குளிர்காலம் கடந்தால்தான் அதன் விதை நன்றாக முளைக்கும். 4 டிகிரி வாக்கில் நாலு முதல் எட்டு வாரம் வைத்தால் அந்த வேலையை பிரிட்ஜ் செய்துவிடும். அதே சீட்டின் அடியில், எறும்பு எழுத்தில், புகார் இருந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பிரிட்ஜில் இருக்க வேண்டியதே 56 நாள்! அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை.

செப்டம்பரில் தட்டில் தூவினேன். பிர்ச் விதைக்கு வெளிச்சம் வேண்டும், மேலே மண் போட்டு மூடக் கூடாது என்று படித்திருந்ததால் அப்படியே விட்டேன். ஐந்தாம் நாளே தட்டு முழுக்கப் பச்சை. தலைகால் புரியாமல் படம் எடுத்து விற்றவருக்கே அனுப்பினேன். கட்டைவிரல் காட்டினார் மனுஷன்.

அப்போது அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டேய், இது முளைக்கீரைடா. இலைக்கு அடியில பாரு, சிவப்பு" என்றார். "சும்மா இரும்மா, 280 ராண்ட்" என்றேன். இரண்டு வாரம் போனதும் வாயே திறக்க முடியவில்லை. பிர்ச் இலையின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். இதன் ஓரம் வழவழவென்று இருந்தது. கடைந்துவிடலாம் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். என்ன மருந்து தடவிய விதையோ என்று நான்தான் விடவில்லை.

விற்றவரைக் கூப்பிட்டேன். "ப்ரோ, உங்க மண்ணுல கீரை விதை இருந்திருக்கும்" என்றார். மண் புதிதாகப் பிரித்த மூட்டை. தூவிய இடத்தில் மட்டும் எண்பது செடி. அதைச் சொன்னதும், "அது சரி ப்ரோ, முப்பது நாள் தாண்டிடுச்சே" என்றார். இந்த நாட்டின் 2008ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்க 6 மாதம் தருகிறது. அதைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அடுத்த நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டார்.

பாக்கெட்டைப் பிரித்த அன்றே நான் கண்டுபிடித்திருக்கலாம். உண்மையான பிர்ச் விதை தவிட்டு நிறத்தில், இரண்டு பக்கமும் மெல்லிய சிறகோடு, குட்டிப் பூச்சி மாதிரி இருக்கும். ஒரு கிராமிலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும். எனக்கு வந்தது கருப்பாக, உருண்டையாக, பளபளவென்று இருந்தது. அதனால் யாரிடம் வாங்கினாலும் வந்த அன்றே வெள்ளைத் தாளில் கொட்டிப் படம் எடுங்கள். பிரிட்ஜ் எல்லாம் அப்புறம். இரண்டே வருடத்தில் பட்டை வெள்ளையாகும் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். இளங்கன்றின் பட்டை பழுப்புதான், வெளுக்கச் சில வருடம் ஆகும். டர்பன் நகரத்து நண்பர்களே, உங்கள் புழுக்கத்துக்கு இந்த மரம் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுத் தளங்களில் ஆர்டர் போடுகிறவர்களுக்கும் ஒன்று: விதை இறக்குமதிக்கு விவசாயத் துறையின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் வரும் பார்சலைப் பறிமுதல் செய்யலாம்.

இத்தனைக்கும் விதை எதிர்வீட்டிலேயே சும்மா கிடைத்திருக்கும். மார்ச்சில் அவர்கள் மரத்தில் திரி மாதிரி தொங்கும் காய்க்கொத்துகள் பழுப்பாகிவிட்டன. கேட்டுவிட்டுப் பறித்தேன். விரலில் தேய்த்ததும் உதிர்ந்தது. சிறகு வைத்த விதையும், பறவை வடிவச் செதிலும் கலந்து ஒரு கை நிறைய. செதில் முளைக்காது. விதையிலும் நிறையப் பதர் இருக்கும் என்பதால் அள்ளித்தான் தூவ வேண்டும். இப்போது அது ஈர மணலோடு பிரிட்ஜில், தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நேற்று இன்னொரு குழுவில் அதே பாக்கெட், அதே படம் வந்தது. விலை இப்போது 320 ராண்ட்.