பாரா, கூடா, பிறேக்கா: விழுந்தாலும் காப்பாற்றும் சைக்கிள் எது?

எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடைக்கார அண்ணை, உடைந்து வரும் சைக்கிளைப் பார்த்தே விபத்தைச் சொல்லிவிடுவார். முன்சில்லைப் பிடித்திருக்கும் போக் பின்னுக்கு மடிந்திருந்தால் எதிலோ நேரே போய் முட்டியிருக்கிறது. றிம் மட்டும் நெளிந்திருந்தால் கிடங்கு. பின்சில்லு சப்பளிந்து வந்தால் சைக்கிளைப் பற்றி ஒன்றுமே கேட்க மாட்டார். ஓடினவர் எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்பார்.

மருமகளுக்குச் சைக்கிள் வாங்க வேண்டி வந்தபோது அவரிடம்தான் போனேன். பின்னேர ரியூசன் முடிந்து, பரந்தன் முல்லைத்தீவு றோட்டால் இருட்டுக்குள் வருகிற பிள்ளை. "விழுந்தாலும் அடிபடாத சைக்கிள் ஏதும் இருக்கோடா?" என்று அக்கா கேட்டிருந்தா. சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. உலகத்தில் பலர் அதைத்தான் செய்து பார்த்திருக்கிறார்கள்.

நாம் ஓடும் சாதாரண சைக்கிளே ஒரு காலத்தில் பாதுகாப்புக்கென்று வந்த வடிவம்தான். அதற்கு முன்னர் ஆளுயர முன்சில்லின் உச்சியில் ஏறி இருந்து ஓடினார்கள். சின்னக் கல் தடுக்கினாலும் தலைகுப்புற விழ வேண்டியதுதான். 1885இல் இங்கிலாந்தின் கொவென்றியில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி, இரண்டு சில்லையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, செயினால் பின்சில்லைச் சுழற்றும் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். அந்த வகைக்குப் பெயரே 'சேஃப்டி சைக்கிள்'. றலி, லுமாலா எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

அதற்குப் போட்டியாக வந்ததில் முக்கியமானது சாய்ந்திருந்து ஓடும் சைக்கிள். சாய்மனைக் கதிரையில் இருப்பதுபோல் முதுகைச் சாய்த்து, காலை முன்னுக்கு நீட்டி மிதிப்பது. 1933இல் பிரான்சில் பிரான்சிஸ் ஃபோர் இதில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட ஓடிச் சாதனை வைத்தார். அடுத்த வருடமே உலக சைக்கிள் ஓட்டச் சங்கம் அந்த வடிவத்தைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. பாதுகாப்புக் கணக்கில் அதற்கு மூன்று நன்மை. விழுந்தால் உயரம் குறைவு. முட்டினால் தலைக்கு முன்னர் கால் போகும். முன்பிறேக்கை இறுக்கிப் பிடித்தாலும் ஆளைத் தூக்கி எறியாது. நிமிர்ந்திருந்து ஓடும் சைக்கிளில் அப்படி இல்லை. புவியீர்ப்பில் பாதிக்குச் சற்று மேற்பட்ட வேகக்குறைப்பிலேயே பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பத் தொடங்கிவிடும்.

கடதாசியில் வெற்றி அதற்குத்தான். எங்கள் ஏ9 நெடுஞ்சாலையில் அதைக் கொண்டுவந்து விட்டால்? முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு கிளம்புகிற வாகனங்கள், கும்பிட்ட துணிவில் மாங்குளம் வரைக்கும் பறக்கும். அந்த வேகத்தில் டிப்பர்காரனின் கண்ணுக்கு இடுப்பளவு உயரத்தில் போகிற ஆள் தெரிவது சந்தேகம். இன்னொன்று, றோட்டில் படுத்திருந்து எழும்பும் மாட்டின் கொம்பும் ஓடுகிறவரின் முகமும் ஒரே மட்டத்தில் வரும். வேண்டாம்.

அடுத்தது கூடு வைத்தது. மூன்று சில்லு, மேலே நார்க்கண்ணாடியிலோ அலுமினியத்திலோ செய்த ஓடு, உள்ளே ஆள். ஒல்லாந்தில் இதை ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். புரண்டாலும் தோல் உரியாது, தலை தாரில் தேயாது. ஆனால் 25, 30 கிலோப் பாரம். சித்திரை வெயிலில் கிளிநொச்சியில் அதற்குள் இருந்து மிதித்தால் விபத்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பொறி பூட்டியதில் பிஎம்டபிள்யூ இதே எண்ணத்தைச் செய்து பார்த்தது. 2000இல் வந்த சி1 ஸ்கூட்டருக்குக் கூரையும் இருக்கைப் பட்டியும் இருந்தன. சில வருடங்கூட நிலைக்கவில்லை. சுவீடனில் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் காற்றுப்பை செய்தார்கள். விழும்போது வெடித்துத் தலையை மூடும். அந்தக் கொம்பனியும் 2023 முடிவில் மூடுண்டது.

கூடு, பை, தலைக்கவசம் எதுவானாலும் ஒரு கணக்கு இருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து, ஏறத்தாழ ஒன்றரை மீற்றர், தலை நிலத்தில் மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிப்பதும் அந்த வேகத்தில்தான். தானாக விழுந்தால் அது தாங்கும். எழுபதில் வருகிற டிப்பருக்கு அது கணக்கே இல்லை. வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். அந்த அடியைத் தாங்கும் சைக்கிள் ஒருவரும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. அதனால்தான் நான் 'அடித்தால் காக்கும்' வடிவங்களை ஒதுக்கிவிட்டு, விழாமலும் அடிபடாமலும் இருக்க உதவுகிற சின்னச் சின்ன வேறுபாடுகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் 'பார்', அதாவது இருக்கைக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் போகிற குழாய். உயர்ந்த பார் வைத்த சைக்கிள் உறுதியானது, நெல்மூட்டை ஏற்ற அதுதான் வேண்டும். ஆனால் சரியும்போது கால் நிலத்துக்கு வராது. கரியரில் பாரம் இருந்தால் காலைப் பின்னால் சுழற்றி இறங்கவும் முடியாது. பார் தாழ்ந்த 'லேடீஸ் சைக்கிள்' சரியும் நொடியில் ஆளை விட்டுவிடும். நின்றபடியே விலகலாம். ஆண்கள் ஓட வெட்கப்படுகிறார்கள். அது வெட்கம், பொறியியல் அல்ல. வீதி ஓரத்தில் நெல் காயப்போட்டிருக்கும் மாதங்களில், அந்த மணிகளில் சில்லு ஏறிச் சறுக்கினவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பிறகு பிறேக். இங்கேதான் கடைக்கார அண்ணையோடு நெடுநேரம் கதைத்தேன். பழைய கம்பிப் பிறேக் றிம்மின் உட்புறத்தில் கட்டையை அழுத்தும். பளபளக்கும் இரும்பு றிம் நனைந்தால் கட்டை வழுக்கும். மாரியில் இரணைமடு வாய்க்கால் கரையால் வருகிறவர்கள் செருப்பைத் தேய்த்து நிற்பது இதனால்தான். அலுமினிய றிம்மில் ரப்பர் கட்டை நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிறேக் சில்லின் நடுக்குடத்துக்குள் இருப்பதால் மழை அதைத் தொடாது. ஒரேயொரு குறை, செயின் கழன்றால் பிறேக்கும் போச்சு. சில்லின் நடுவில் பூட்டிய தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிறேக் திறம்தான். "மலிவு டிஸ்க் வேண்டாம் தம்பி, தட்டு நெளிஞ்சால் இஞ்ச சாமான் இல்லை," என்றார். அலுமினிய றிம்முக்கே என் வாக்கு.

ஒரு தழும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வயதில், அண்ணரின் சைக்கிளைப் பாருக்குக் கீழால் கால் விட்டு ஓடி, கிரவலில் சறுக்கி விழுந்தேன். ஹாண்டிலின் ஒரு பக்கப் பிடி எப்போதோ கழன்று போய், வெறும் குழாய். அது வயிற்றில் வட்டமாக இறங்கியது. ஒரு ரூபாய்க் குற்றி அளவில் இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் 1970களிலேயே சைக்கிளின் கூர் விளிம்புகளுக்கும் துருத்தும் பாகங்களுக்கும் சட்டம் வந்துவிட்டது. நம்மிடம் பிடி கழன்ற சைக்கிள்கள் எத்தனை ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிடி ஒரு சோடி மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

அதேபோலத்தான் பின்சில்லுக்கு வலை. கரியரில் இருக்கும் பிள்ளையின் குதிக்கால் கம்பிக்குள் போவதும், சாறித் தலைப்பு செயினில் சுற்றுவதும் இங்கே புதுச் செய்தி இல்லை.

வெளிச்சத்துக்கு, ரயரில் உரசும் டைனமோவை எங்கள் தலைமுறை மறக்காது. போரால் பற்றறி தடைப்பட்ட காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி வானொலி கேட்டதும் அதில்தான். ஆனால் சைக்கிள் நின்றால் வெளிச்சமும் நிற்கும். வலப்பக்கம் திரும்ப நடுறோட்டில் காத்து நிற்கும்போதுதான் நம்மை ஒருவன் காண வேண்டும், அப்போதுதான் இருட்டு. சார்ஜ் பண்ணும் சிவப்பு லைட்டே மேல். அதோடு பெடலின் ஓரத்தில் மஞ்சள் பிரதிபலிப்பான் இருந்தால், மேலும் கீழும் அசைகிற அந்தப் பொட்டைப் பார்த்தே சைக்கிள் என்று தூரத்தில் தெரிந்துவிடும்.

கடைசியில் வாங்கியது பார் தாழ்ந்த சைக்கிள் ஒன்று. அண்ணை றிம்மை அலுமினியத்துக்கு மாற்றி, பின்சில்லுக்கு வலை கட்டி, லைட்டும் பூட்டித் தந்தார். பின்னால் வருவதைப் பார்க்க ஹாண்டிலில் ஒரு வட்டக் கண்ணாடியும் வைத்தோம். அதை மட்டும் மருமகள் மூன்றாம் நாளே கழற்றி மேசை லாச்சியில் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்களாம்.