கேபினெட் பழையது, உள்ளே எல்லாம் புதியது: அசெம்பிள் செய்த கணினியின் நெடுங்கால அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் 1998 முதல் இயங்கிவரும் மேசைக் கணினியில் இன்று அசலாக எஞ்சியிருப்பது கேபினெட் மட்டுமே. மதர்போர்டு, கேபினெட் ஆகியவற்றின் அளவையும் திருகு இடங்களையும் வரையறுத்து இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவின்படி அது செய்யப்பட்டிருப்பதால், அன்று பெண்டியம் 2 மதர்போர்டு பொருந்திய இடத்திலேயே இன்றைய மதர்போர்டும் திருகப்பட்டிருக்கிறது.

கோயில் தமிழ் வகுப்புக்கு வினாத்தாள் அச்சிடுவதே இதன் முதன்மையான வேலை. தமிழை ஒருங்குறியில் (யூனிகோட்) காட்டும் விண்டோஸ் 2000 வந்தபோது எங்களிடம் இருந்த ரேம் போதவில்லை. 2001 இறுதியில் எங்கள் நாணயமான ராண்டின் மதிப்பு கடுமையாகச் சரிந்ததால் புதுக் கணினியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ரேமை மட்டும் கூட்டிக்கொண்டு அதே கணினியில் வேலையைத் தொடர்ந்தோம். இப்படி ஒவ்வொரு பாகமாக, கையில் பணம் இருக்கும்போது மாற்றிக்கொள்ள முடிந்ததுதான் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கணினியை எட்டும் பொருளாக்கியது.

சில்லுகள் சுருங்கியதே விலை குறைந்ததற்குக் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். அந்தப் பலன் ஆப்பிளுக்கும் கிடைத்தது, ஆனால் ஆப்பிள் கணினியின் விலை எங்களுக்கு எட்டவில்லை. மறுபாதிக் காரணம் ஐபிஎம் எடுத்த ஓர் அவசர முடிவில் இருக்கிறது. 1981 ஆகஸ்டில் வெளியான தன் கணினிக்கு அந்நிறுவனம் இன்டெல்லின் 8088 செயலியையும் மைக்ரோசாப்டின் இயங்குதளத்தையும் வெளியிலிருந்து வாங்கியது. அந்த இயங்குதளத்தைப் பிறருக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாப்ட் விட்டுக்கொடுக்கவில்லை. ஐபிஎம்முக்கே உரியதாக நின்றது, கணினியைத் தொடக்கிவைத்துப் பாகங்களை இயங்குதளத்தோடு இணைக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரல் ஒன்றுதான். அதன் நிரலை அப்படியே நகலெடுத்தவர்கள் வழக்கில் சிக்கினார்கள். காம்பேக் நிறுவனமோ, அந்நிரலைப் பார்த்திராத பொறியாளர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் பயாஸைப் புதிதாக எழுதி, 1983இல் ஐபிஎம் கணினியோடு ஒத்தியங்கும் தன் கணினியை விற்பனைக்கு அனுப்பியது. மறு ஆண்டே பீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய பயாஸை மற்ற உற்பத்தியாளர்களுக்கு விற்கத் தொடங்கியதும், தைவானின் சிறு தொழிற்சாலைகளுக்குக்கூட வழி திறந்தது. ஒருவர் பாகம் இன்னொருவர் பாகத்தோடு பொருந்தியாக வேண்டும் என்ற நிலையில், அவர்களுக்குப் போட்டியிட விலையைத் தவிர வேறு களம் அதிகம் இருக்கவில்லை.

குறைகளும் உண்டு. பெண்டியம் 4 வந்தபோது அது கேட்ட கூடுதல் 12 வோல்ட் இணைப்பு பழைய பவர் சப்ளையில் இல்லாததால், அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் வாங்கிய ஒரு மதர்போர்டில் மின்னோட்டத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. அந்தக் காலத்தில் பல நிறுவனங்களின் பலகைகளில் கண்ட நோய் அது. விலைப் போட்டி மலிவான பாகத்தையும் கூடவே அழைத்து வரும் என்பதை மறுப்பதற்கில்லை. லோட் ஷெடிங் எனப்படும் சுழற்சி மின்வெட்டு நாட்களில் மடிக்கணினிக்காரர்கள் நிம்மதியாக இருக்க, நாங்கள் கூடுதலாக ஒரு யுபிஎஸ் வாங்க நேர்ந்தது. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மேசைக் கணினியின் விலைச் சாதகம் கணிசமாகக் குறைகிறது.

இருந்தும் அடுத்த முறையும் அசெம்பிள் செய்த கணினியையே வாங்குவேன். ஆனால் இந்தக் கேபினெட்டில் 80 மில்லிமீட்டர் விசிறிகளுக்கு மட்டுமே இடம் இருப்பதால், டர்பன் கோடையில் புதிய செயலியின் சூடு சரியாக வெளியேறுவதில்லை; ஆகவே இம்முறை 120 மில்லிமீட்டர் விசிறி பொருந்தும் கேபினெட்டும் பட்டியலில் இருக்கும்.