தேங்காய்த் தொட்டிக் கரியுடன் ஏழு ஆண்டுகள்: எங்கள் வீட்டு கார்பன் ஃபில்டர்

திருப்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வகைத் தண்ணீர் வருகிறது. ஆழ்துளைக் கிணற்றின் சப்பைத் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர், துவைக்கவும் புழங்கவும் ஆகும். மாநகராட்சிக் குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணீரை சம்ப்பில் பிடித்துவைத்துச் சமைக்கவும் குடிக்கவும் வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீரில் குறை ஒன்றுதான்: திறந்துவிடும் நாளில் குளோரின் நெடி மூக்கைத் துளைக்கும், காப்பியில்கூட அது தெரியும். உப்பு குறைவான ஆற்று நீருக்கு ஆர்.ஓ. பூட்டி, பிடித்த தண்ணீரில் பெரும்பகுதியைச் சாக்கடையில் விட எனக்கு மனம் வரவில்லை. எனவே 2018ஆம் ஆண்டு 8 அங்குல விட்டமும் 44 அங்குல உயரமும் கொண்ட ஒரு ஃபைபர் வெசல் (கரி நிரப்பும் உருளைக் கலன்) வாங்கி, ஏறத்தாழ 11 கிலோ தேங்காய்த் தொட்டிக் கரியை நிரப்பினோம். சிரட்டை, கொட்டாங்குச்சி என்று மற்ற ஊர்களில் சொல்வதைத்தான் எங்கள் பக்கம் தொட்டி என்கிறோம்.

இது அடுப்புக் கரி அல்ல. தொட்டியைச் சுட்டெடுத்த கரியை 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் நீராவியால் மீண்டும் அரித்தெடுக்கும்போது, அதற்குள் 2 நானோமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. நல்ல கரியின் ஒரு கிராமில் அந்தத் துளைகளின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் நிலம். புதுக் கரியை முதன்முதலாக வாளித் தண்ணீரில் கொட்டியபோது, தோசைக்கல்லில் நீர் தெளித்ததுபோல 'சுர்'ரென்று சத்தம் எழுந்து, குமிழிகள் வெகுநேரம் வந்துகொண்டே இருந்தன. துளைகளிலிருந்து காற்று வெளியேறுவதற்காக ஓர் இரவு முழுவதும் ஊறவைத்து, கறுப்புத் தண்ணீர் தெளியும் வரை அரைமணி நேரம் பேக்வாஷ் (நீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பிவிட்டு அலசுவது) விட்ட பிறகே குழாயைத் திறந்தோம். இந்த ஊறலையும் அலசலையும் அவசரத்தில் தவிர்ப்பவர்கள் பலர் உண்டு. பாத்திரத்தில் கரித்தூள் படிகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

எங்கள் முதல் தவறு வெசலை வைத்த இடத்தில் நிகழ்ந்தது. மோட்டாருக்கும் மாடி டேங்க்குக்கும் நடுவில் பூட்டினால் வீடு முழுவதற்கும் நெடியில்லாத தண்ணீர் கிடைக்கும் என்று பிளம்பர் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது. முதல் வாரம் தண்ணீர் அருமையாக இருந்தது. இரண்டாம் மாதத்தில் மாடி டேங்க்கின் உட்சுவரைத் தொட்டுப் பார்த்தபோது, ஊறிய வெண்டைக்காயைத் தொட்டதுபோல விரல் வழுக்கியது. அதுவரை அந்த டேங்க்கைக் காத்துவந்தது குளோரின். நான் அதைத் தொலைத்துவிட்டு, காவலில்லாத தண்ணீரை மூன்று நாள் வெயிலில் வைத்திருந்தேன். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, குளோரின் இடப்பட்ட நீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்று சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல என்பது அன்றுதான் உறைத்தது. டேங்க்கைத் தேய்த்துக் கழுவி, வெசலைக் கழற்றி, மாடியிலிருந்து சமையலறைக்கு இறங்கும் குழாயில் மாற்றிப் பூட்டினோம். கார்பன் ஃபில்டர் வாங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தண்ணீர் சேமிப்பில் இருக்கும் வரை குளோரின் அதிலேயே இருக்கட்டும், கரி கடைசியாக, குடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் வரட்டும்.

ஓட்டத்தின் வேகத்தையும் கவனிக்க வேண்டும். வால்வை முழுவதும் திறந்துவிட்டால் தண்ணீர் கரியோடு இருக்கும் நேரம் மிகவும் குறைந்துவிடும். 10 லிட்டர் வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஆகுமாறு வால்வைத் திருகிவைத்திருக்கிறேன். அப்போது நீருக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடத் தொடர்பு கிடைக்கிறது. குளோரினுக்கு அது போதும்.

மாதம் ஒருமுறை குளோரின் சோதனைப் பெட்டியை எடுத்து, வெசலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சோதனைக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறேன். சொட்டு மருந்து விட்டதும் முன்குழாய் எலுமிச்சை மஞ்சளாகும்; பின்குழாயில் நிறமே வராது. ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி ஏமாந்துவிடக் கூடாது. கரி குளோரினைத் தேக்கிவைப்பதில்லை. அதன் மேற்பரப்பில் வினை நடந்து குளோரின் குளோரைடாக மாறுகிறது, கரி மிக மெல்ல ஆக்ஸிகரணம் அடைகிறது. அதனால் குளோரினை அகற்றும் திறன் நெடுங்காலம் நீடிக்கும். குளோரின் இட்ட நீரில் உண்டாகும் குளோரோஃபார்ம் போன்ற பொருள்களோ துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்பவை. துளைகள் நிரம்பியதும் அவை அப்படியே கடந்துவிடும், மஞ்சள் நிறம் வருவதற்கு வெகு முன்பே. ஆகவே குளோரின் சோதனை நன்றாக இருக்கும்போதே, இரண்டு ஆண்டுகளுக்குள் கரியை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

2020ஆம் ஆண்டு மாற்றிய கரியில் ஏமாந்தோம். மூட்டையில் அயோடின் எண் 1,000 என்று அச்சிட்டிருந்தது. ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினை ஈர்க்கும் என்பதே அந்த எண். ஏழே மாதத்தில் நெடி திரும்பியது. வெசலைத் திறந்து ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் பொடியாக உதிர்ந்தது. நல்ல தொட்டிக் கரி சில்லுபோலக் கடினமாக, வளைந்த தகடாக இருக்கும், விரலில் நசுங்காது. முதல் தடவை மிஞ்சிய கரியில் கொஞ்சம் டப்பாவில் இருந்ததால், இரண்டு கண்ணாடி டம்ளர்களில் மருந்துக்கடை அயோடினைத் தேநீர் நிறத்துக்கு நீர்த்து, இரண்டு கரியிலும் சமமாக ஒவ்வொரு கரண்டி போட்டுப் பத்து நிமிடம் கலக்கினேன். பழைய இருப்புப் போட்ட டம்ளர் தெளிந்துவிட்டது. மற்றது தேநீராகவே நின்றது. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடல்ல என்றாலும், இப்போது மூட்டை வாங்குவதற்கு முன் ஒரு கைப்பிடி வாங்கிவந்து இதைச் செய்யாமல் பணம் கொடுப்பதில்லை.

அப்போது சர்வீஸுக்கு வந்த தம்பி, "உப்புப் போட்டு ஓட்டினாப் புதுசாயிருங்க, மாத்த வேண்டியதில்லைங்க" என்றார். உப்பால் புத்துயிர் பெறுவது, கடின நீரை மென்மையாக்கும் மென்னீராக்கிக் கருவிக்குள் இருக்கும் ரெசின் மணிகள். கரிக்கு உப்பும் உதவாது, வெயிலில் காயவைப்பதும் உதவாது. நிரம்பிய துளைகளைத் திறக்க மறுபடியும் உலை வெப்பம் வேண்டும். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து ஃபில்டரை எடைபோடுவதும் இதே போன்ற குழப்பம்தான். கரைந்த உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் எதையும் கரி தொடாது. முன்னும் பின்னும் மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும், காட்டவும் வேண்டும். சப்பைத் தண்ணீரைக் குடிநீராக்க இதை வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள்.

சமையலறைக் குழாயில் வெள்ளி பூசிய கரிக் கட்டி ஒன்றும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு வெள்ளி நானோ துகள்களால் பூச்சிக்கொல்லி எச்சங்களை நீக்கும் முறையைக் கண்டறிந்து, அது 2007இல் வீட்டு ஃபில்டராகவே சந்தைக்கு வந்தது. எங்களிடம் இருப்பது அது அல்ல. இதில் வெள்ளியின் வேலை கரியில் கிருமி பெருகாமல் தடுப்பது மட்டுமே. அதற்கும் எல்லை உண்டு. பன்னிரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பிய இரவு, முதல் டம்ளரில் குளத்து மண் வாடை அடித்தது. "முதல் தண்ணியச் செடிக்கு ஊத்து கண்ணு" என்றார் அம்மா. அன்றுமுதல் வீட்டைப் பூட்டிச் சென்று திரும்பினால் ஐந்து நிமிடம் திறந்துவிட்டு, கட்டியைக் கழற்றிக் கழுவி, அன்றைய குடிநீரைக் கொதிக்கவைக்கிறோம்.

ஒரு வருத்தமும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் தொட்டி சுடும் இடங்களின் புகையாலும், கரியைத் தணிக்கும் நீராலும் கிணறு கெட்டதாக உழவர்கள் நெடுங்காலமாக முறையிடுகிறார்கள். என் வீட்டுத் தண்ணீர் தெளிவதற்காக இன்னொரு வீட்டுக் கிணறு கறுக்கக் கூடாது என்பதால், புகையை மூடிய உலையில் எரித்து வெப்பமாக்கிக்கொள்ளும் ஆலையின் சரக்கா என்று கேட்டே வாங்குகிறேன். கேட்கும் கடைகளில் பாதிக்குமேல் பதில் கிடைப்பதில்லை. கடைசியாக வாங்கிய சரக்கை, காங்கேயம் பக்கத்தில் உள்ள அந்த ஆலைக்கே நேரில் போய் உலையைப் பார்த்த பிறகுதான் ஏற்றிவந்தேன். மூட்டைக்கு விலை கூடுதலாகவே ஆனது. பதினான்கு மாதம் ஆகிறது, பின்குழாயில் இதுவரை மஞ்சள் தட்டவில்லை. வருகிற தை மாதம் மாற்றிவிடுவேன்.