செம்புக்குப் பச்சை லேசர்: மேலே வழவழ, உள்ளே எப்படி?

செம்பு வெல்டிங்குக்கு 515 நானோமீட்டர் பச்சை லேசர் தேவையா என்பதைத் தீர்மானிப்பது தகட்டின் தடிமன்தான். 0.3 மி.மீ. பேட்டரி டேப் (பேட்டரி செல்லின் மெல்லிய இணைப்புத் தகடு) என்றால் தாராளமாக வாங்கலாம். தடித்த பஸ்பாரில் (மின்சாரம் கடத்தும் பட்டையான கட்டி) 3 மி.மீ. ஆழம் இறங்க வேண்டுமென்றால் அவசரப்பட வேண்டாம்.

இந்த வகையில் முதலில் பெயர் வருவது ட்ரம்ஃப் நிறுவனத்தின் ட்ரூடிஸ்க் 3022: 3 கிலோவாட், ஃபைபர் வழியாக. உள்ளே 1030 நானோமீட்டர் ஒளியை ஒரு படிகத்துக்குள் அனுப்பி அலைநீளத்தைப் பாதியாக்குகிறார்கள். இவ்வளவு சிரமம் எதற்கு? குளிர்ந்த செம்பு அகச்சிவப்பில் 5 சதவீதம் அளவுக்குத்தான் உள்வாங்கும், மிச்சம் திரும்பிவிடும். பச்சையில் அது 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

அகச்சிவப்பில் உண்மையான தலைவலி தொடக்கத்தில்தான். செம்பு 1085 டிகிரியில் உருகும்வரை பவர் போதாது. உருகி, ஆவியாகி, அந்த ஆவி குடையும் ஒடுங்கிய ஆழக் குழியான கீஹோல் திறந்ததும் உள்வாங்கல் பல மடங்கு தாவும். அதே பவர் இப்போது மிதமிஞ்சிப் போகும். ஒரு டேப் ஒட்டாது, அடுத்தது பொத்துக்கொள்ளும். கைரேகையோ ஆக்சைடு கறையோ இருந்தால்கூட முடிவு மாறும். பச்சையில் கீஹோலே இல்லாமல் மெல்ல உருக்கி ஒட்ட முடிகிறது. இதற்காகவே காசு கொடுக்கலாம்.

ஆழத்தில் அந்தச் சாதகம் சுருங்கிவிடும். கீஹோல் திறந்தபின் அகச்சிவப்பும் சுவரில் பலமுறை மோதிப் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது. நடுவில் மெல்லிய கற்றையும் சுற்றிலும் வளையமும் கொண்ட அகச்சிவப்பு லேசர் இங்கே நன்றாகவே ஈடுகொடுக்கும். வளையம் கீஹோலின் வாயை விரித்து வைப்பதால் ஆவி தடையின்றி வெளியேறும், தெறிப்பு குறையும்.

இதையெல்லாம் நேரில் காட்டுவது எக்ஸ்ரே. ஆனால் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்ரே 1 மி.மீ. செம்பைத் தாண்டுவதில்லை என்றே சொல்லலாம். 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு கடக்கும். அதனால்தான் ஹாம்பர்க் டெய்சி மையத்தின் பெட்ரா 3 போன்ற சிங்க்ரோட்ரான் (மிகப் பிரகாசமான எக்ஸ்ரே தரும் துகள் முடுக்கி) வேண்டியிருக்கிறது. அதிவேகப் படங்களில் கீஹோல் ஒரு வெளிறிய கீற்றாகத் தெரியும். அடியில் அது பானைபோல் உப்பும், கழுத்து ஒடுங்கும், குமிழி அறுந்து பின்னால் ஒதுங்கும், செம்பு உறைந்ததும் அங்கேயே சிறைப்படும். உப்பல் மேல்நோக்கி வெடித்தால் உருகிய செம்பை வாரி வெளியே எறிந்துவிடும், பள்ளம் மிஞ்சும். வெட்டிப் பாலிஷ் போட்டுப் பார்த்தால் துளை மட்டும் தெரியும், அது எப்படி வந்தது என்று தெரியாது.

பச்சை லேசரில் குறைகளும் உண்டு. வாங்கும் மின்சாரத்தில் ஒளியாக மாறும் பங்கு அகச்சிவப்பைவிடக் குறைவு. அகச்சிவப்புக்கான பழைய பாதுகாப்புக் கண்ணாடி 515 நானோமீட்டரைத் தடுக்கும் என்று நம்பி நிற்கக் கூடாது. கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும். ஹேர்பின்னில் (மோட்டார் சுருளின் வளைந்த செம்புக் கம்பி) எனாமல் துணுக்கு ஒட்டியிருந்தால் எந்த நிறத்திலும் துளை விழும், அதற்கு லேசரைக் குறை சொல்லிப் பயனில்லை.

டெமோவில் வெல்டின் நடுப்பகுதியைக் காட்டி அசத்துவார்கள். வெல்ட் முடியும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பவரைச் சட்டென நிறுத்தினால் கீஹோல் சரிந்து அடியில் குமிழி தங்கும். படிப்படியாக இறக்கி முடித்த துண்டையும் இறக்காமல் முடித்த துண்டையும் சிடி ஸ்கேனில் அடுத்தடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.