கோணல் என் கையிலா, கருவியிலா?

பிளாஸ்டிக் மாடல் விமானங்களுக்கு ஆறு வருடமாகத் தூரிகையால்தான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பொறுமையாக அடித்தாலும் இறக்கைமேல் தூரிகைக் கோடு தெரியும். சரி, காற்றால் பெயிண்டைத் தூவுகிற ஏர்பிரஷுக்கு மாறுவோம் என்று, "புதியவர்களுக்கான முழு செட்" என இணையத்தில் விற்ற ஒன்றை வாங்கினேன். ஏமாந்தேன். விற்றவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே மாதிரியான செட் பல பெயர்களில் விற்கிறது, ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு தப்பிக்க முடியாது.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 0.3 மி.மீ. நாஸில் (பெயிண்ட் வெளிவரும் நுனி) கொண்ட டூயல் ஆக்‌ஷன் ஏர்பிரஷ், காற்றைச் சேர்த்து வைக்கிற டேங்க் வைத்த கம்ப்ரஸர், காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி. டூயல் ஆக்‌ஷன் என்றால் விசையைக் கீழே அழுத்தும்போது காற்று, பின்னால் இழுக்கும்போது பெயிண்ட். எல்லாம் ஒரே பெட்டியில், வேறென்ன வேண்டும்?

பெட்டியைத் திறந்ததுமே ஒன்று இடித்தது. படத்தில் கம்ப்ரஸருக்குக் கீழே உருளையாக ஒரு டேங்க் இருந்தது, கைக்கு வந்ததில் காணோம். கேட்டேன். "சார், இது புது மாடல். டேங்க் உள்ளேயே இருக்கு" என்றார்கள். அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். புதுப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு மனசு வரும்?

முதல் நாள் நான் ஒரு தப்பு செய்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. தண்ணீரில் கலக்கிற அக்ரிலிக் பெயிண்டில் ஆல்கஹால் கலந்த தின்னரை ஊற்றிவிட்டேன். பெயிண்ட் ஏர்பிரஷின் கப்பிலேயே திரிந்து, கோந்து மாதிரி நாஸிலில் அடைத்துக்கொண்டது. அக்ரிலிக் என்று போட்டிருந்தாலும் எல்லாம் ஒரே ரகம் இல்லை. டாமியா கம்பெனியின் அக்ரிலிக் ஆல்கஹால் தின்னரை ஏற்கும், வயேஹோ கம்பெனி வகையறா ஏற்காது. விற்றவரிடம் புகார் சொன்னபோது இதைத்தான் பளிச்சென்று எடுத்துக் காட்டினார். அவர் சொன்னது சரி. அந்த ஒரு சரியில்தான் நான் விழுந்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

முதல் நாளே தின்னரை மாற்றி, மறுபடி பிரைமர் (அடிப்பூச்சு) ஊற்றினேன். விசையைத் தொட்டதும் கப்பில் குமிழி. கொதிக்கிற தண்ணீர் மாதிரி குபுகுபுவென்று. "பெயிண்ட் கெட்டியா இருக்கு சார், பால் பதத்துக்குக் கொண்டு வாங்க." கொண்டு வந்தேன். இன்னும் குமிழி. "இன்னும் கொஞ்சம் தின்னர் விடுங்க." விட்டேன். இப்போது 1/48 அளவு ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கையில் பெயிண்ட் சிலந்திக்கால் போலக் கிளைகிளையாக ஓடி, பேனல் கோடுகள் எல்லாம் சாம்பல் குழம்பில் மூழ்கிவிட்டன. "பிரஷரைக் குறைங்க சார்." ரெகுலேட்டரைத் திருகினேன். அதன் பிடிதான் சுற்றியது, அளவுமானியின் முள் 30 பி.எஸ்.ஐ.யை விட்டு நகரவே இல்லை. மாடல் வேலைக்குப் பொதுவாக 15 முதல் 20 போதும். "முள் மெதுவாத்தான் நகரும், பழகப் பழகச் சரியாயிடும்."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அந்தப் பத்து நாளும் நான் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர்கள் ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். பத்து நாள் முடிந்தது, ரிட்டர்ன் கெடுவும் முடிந்தது. அதற்குப் பிறகு பதில் வரவில்லை.

பல வருடமாக ஏர்பிரஷ் பிடிக்கிற நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். பெயிண்டைத் தொடவே இல்லை. என் கம்ப்ரஸரில் தன் ஏர்பிரஷை மாட்டி, கப்பில் வெறும் தண்ணீரை ஊற்றி அடித்தார். ஒரு குமிழி இல்லை. என்னுடையதை மாட்டினார். தண்ணீரிலேயே குமிழி! தண்ணீரைவிட எதை நீர்க்கப் பண்ணுவது? நாஸிலில் விரிசல் இருந்தாலோ, அது சரியாக உட்காராவிட்டாலோ, காற்று பெயிண்ட் போகிற வழிக்குள் புகுந்து கப்புக்கே திரும்பி வரும். குமிழிக்கு அதுதான் காரணம். நாஸிலைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம், நுனியில் மயிரிழை போல ஒரு பிளவு.

அடுத்து, ஏர்பிரஷுக்குள் நாஸில் வரை நீளுகிற ஊசியைப் பின்பக்கமாக உருவினார். விசைக்குப் பின்னால், பெயிண்டே வரக்கூடாத இடத்தில், ஆலிவ் பச்சை நிறத்தில் காய்ந்த தோல் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. நான் அந்த ஏர்பிரஷில் சாம்பல் நிறத்தைத் தவிர எதையும் ஊற்றியதில்லை. யாரோ பயன்படுத்தித் திருப்பி அனுப்பியதைத் துடைத்துப் புதுப்பெட்டியில் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள்.

கம்ப்ரஸரின் மூடியையும் கழற்றினோம். ஒரு மோட்டார், ஒரு பிஸ்டன், கொஞ்சம் ஒயர். டேங்க் என்று எதுவும் இல்லை. டேங்க் இல்லாவிட்டால் அடிக்கிற நேரமெல்லாம் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், சூடாகும். சூடான காற்று ஹோஸில் போகும்போது ஆறி, ஈரம் தண்ணீராகி, பெயிண்டோடு சேர்ந்து துப்பும். வடிகட்டியோ கம்ப்ரஸரை ஒட்டியே இருந்தது. அங்கே காற்று இன்னும் சூடு, ஈரம் பெரிதாகச் சிக்காது. இறக்கையில் சின்னச் சின்ன வட்டமாக விழுந்த தழும்புகளுக்கு இதுதான் காரணம். அவற்றை என் கை நடுக்கம் என்று நினைத்திருந்தேன்.

செட்டில் "பாதுகாப்பு மாஸ்க்" என்று ஒரு காகித மாஸ்க்கும் இருந்தது. தின்னர் ஆவியை அது தடுக்காது, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்தான் தடுக்கும். மற்றதற்கெல்லாம் காசுதான் போயிற்று, இது உடம்போடு விளையாடுகிற வேலை.

எல்லாவற்றையும் படம் எடுத்து மறுபடி எழுதினேன். இந்த முறை பதில் வந்தது. பச்சை பெயிண்ட், கம்பெனியில் சோதித்துப் பார்த்தபோது பட்டதாம். நாஸில் நான் ஸ்பேனரால் இறுக்கியதில் பிளந்ததாம். நாஸில் அப்படியும் பிளக்கும் என்பது உண்மை, நானும் இரண்டு முறை கழற்றிக் கழுவியிருக்கிறேன். முதல் நாள் வந்தபடியே படம் எடுத்து வைக்காததால் மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் குமிழி முதல் நாளே இருந்தது, அப்போது நான் ஸ்பேனரைத் தொட்டதில்லை.

ஆகவே, வாங்கியதும் பெயிண்டை மறந்துவிடுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஊசியை உருவிக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள், நுனி வளைந்திருந்தால் துள்ளும். பின்பக்கத்தில் காய்ந்த பெயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு தெரிந்துவிடும். விசையை அழுத்திக் காற்றை ஓடவிட்டபடியே ரெகுலேட்டரைத் திருகுங்கள், முள் ஏறி இறங்க வேண்டும். கடைசியில் கப்பில் தண்ணீர் ஊற்றுங்கள். அழுத்தும்போது காற்று மட்டும் வர வேண்டும், இழுத்தால்தான் தண்ணீர். குமிழி வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள், யார் என்ன பதம் சொன்னாலும் கேட்காதீர்கள். இதற்கெல்லாம் அரை மணி நேரம்கூட ஆகாது.

பணம் திரும்பவில்லை. நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் பாதியைத் தருவதாகச் சொன்னார்கள், நீக்கவில்லை. நேற்று அந்த விளம்பரத்தை மறுபடி போய்ப் பார்த்தேன். அதே படம், அதே டேங்க். கீழே யாரோ கேட்டிருக்கிறார், "டேங்க் உண்டா?" என்று. விற்பவர் பதில்: "உள்ளேயே இருக்கு சார்."